பாயில் சுற்றிய துவக்கு

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். புத்தளத்தில் இருந்தோ அநுராதபுரத்தில் இருந்தோ மன்னாருக்குத் திரும்பி வர யோசிக்கும் உறவுகள் இருந்தால் அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். ஏன் என்று கடைசியில் விளங்கும்.

போன மாதம் புத்தளத்தில் இருந்து என் மச்சான் ஒருவர் இரவு பத்து மணிக்கு அழைத்தார். 1990இல் ஒன்பது வயதுப் பொடியனாகப் போனவர். இப்போது பிள்ளைகள் வளர்ந்து, கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே கிடக்கும் தகப்பனுடைய வயலை இந்தக் காலபோகத்தில் இருந்து தானே செய்வது என்று முடிவெடுத்துவிட்டார். வீடு பாதி கட்டியாயிற்று. லொறியும் பேசியாயிற்று. அதற்குப் பிறகுதான் கேட்டார்:

“மச்சான், என்ட துவக்கு ஒன்டு இருக்குத்தானே, தென்னந்தோட்டத்துக்கு எடுத்தது. லைசன் எல்லாம் சரியா இருக்கு. சாமான் ஏத்தக்குள்ள பாய்க்குள்ள சுத்தி லொறியில போட்டுட்டு வந்துரவா? அங்க பன்டித் தொல்லை கூட என்டாங்க.”

நான் சொன்னேன், “வேணாம் மச்சான். முதல்ல கச்சேரிக்குப் போங்க.”

“லைசன் இருக்கக்குள்ள என்ன கச்சேரி? சிலோன் முழுக்க ஒரே நாடுதானே?”

அவருடைய அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரே நாடுதான். ஆனால் ஒரு துவக்கு ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்குப் போவது, இந்த மண்ணின் வரலாற்றில் ஒருநாளும் சின்ன விடயமாக இருந்ததில்லை. வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்து எழுதலாம் என்று நினைத்தேன்.

முதலில் நான் நிற்கும் இடத்தில் இருந்து தொடங்குகிறேன்.

உயிலங்குளத்தை இன்றைக்குப் பஸ்ஸில் கடந்து போகிறவர்களுக்கு அது ஒரு சந்தி மட்டும்தான். மன்னார் தீவில் இருந்து பாலம் தாண்டி, தள்ளாடி தாண்டி, முருங்கன் பக்கம் போகும் வழியில் வரும் சந்தி. வடக்கே திரும்பினால் அடம்பன். என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவர்கள். அவர்கள் தினமும் சைக்கிளில் கடக்கும் அந்தத் தார் ரோட்டில் ஒரு காலம் ஓர் எல்லை இருந்தது என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

இருந்தது. 2002 பெப்ரவரி 22ஆம் திகதி அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த உடன்படிக்கையில் கைச்சாத்திட்ட பிறகு, இரண்டு பக்கத்துக்கும் இடையில் மக்கள் போய்வரத் திறக்கப்பட்ட பாதைகளில் ஓமந்தையை எல்லோருக்கும் தெரியும். மன்னார்ப் பக்கத்தில் அப்படி இருந்த இடம் உயிலங்குளம். செஞ்சிலுவைச் சங்கம் நடுவில் நிற்கும். இந்தப் பக்கம் ஒரு சோதனை, அந்தப் பக்கம் ஒரு சோதனை. மடுவுக்குப் போகிற யாத்திரிகர், ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளி, வெங்காய மூட்டை கொண்டுபோகிற வியாபாரி எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து கடந்தார்கள்.

அந்த உடன்படிக்கையை வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதில் திரும்பத் திரும்ப வரும் விடயம் ‘ஆயுதம் இல்லாமல்’ என்பதுதான். இராணுவத்தினர் ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகலாம், ஆயுதம் இல்லாமல். புலிகளின் உறுப்பினர்கள் அரசியல் வேலைக்கு அரசாங்கப் பகுதிக்குள் வரலாம், ஆயுதம் இல்லாமல். ஆள் கடக்கலாம், துவக்கு கடக்கக்கூடாது. மச்சான் கேட்ட கேள்விக்கு உயிலங்குளம் சந்தி அன்றைக்கே பதில் சொல்லியிருக்கிறது. ஒருவன் எங்கே போனாலும் அவன் அதே மனிதன்தான். அவன் கையில் உள்ள துவக்கு அப்படியில்லை. ஓர் எல்லைக்கு இந்தப் பக்கம் அது காவல், அந்தப் பக்கம் அது படையெடுப்பு.

இது 2002இல் தொடங்கிய கதையும் இல்லை. மன்னார்க் கடலுக்கு இந்த விடயம் ஐந்நூறு வருசப் பழக்கம்.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தீவுக்கு வந்தபோது சனங்களைப் பயமுறுத்தியது அவர்களுடைய வெள்ளைத் தோல் அல்ல, பீரங்கிச் சத்தம். ஆனால் துவக்கு அவர்களுடைய சொத்தாகவே இருந்துவிடவில்லை. மிகக் குறுகிய காலத்தில் இங்குள்ள கொல்லர்கள் துவக்குச் செய்யப் பழகிவிட்டார்கள். சிங்களக் கொல்லர்கள் செய்த துவக்குகளைப் போர்த்துக்கேய எழுத்தாளர்களே மெச்சி எழுதியிருக்கிறார்கள்.

நம் ஆட்களும் அந்தக் கதையில் இருக்கிறார்கள். மலபார்க் கரையின் மரைக்காயர் தளபதிகள், குஞ்ஞாலி மரைக்கார் உட்பட, சீதாவாக்கை அரசன் மாயாதுன்னைக்கு உதவியாக ஆளும் ஆயுதமும் ஏற்றிக்கொண்டு இலங்கைக்கு வந்தவர்கள். 1538இல் அவர்களுடைய பெரிய கடற்படை ஒன்றைப் போர்த்துக்கேயர் மடக்கி அழித்தது வேதாளையில். வேதாளை எங்கே என்று தேடாதீர்கள். தலைமன்னார்க் கரையில் நின்று மேற்கே பார்த்தால் கடலுக்கு அப்பால் இருக்கிற மண்டபத்துக்குப் பக்கத்து ஊர். அடுத்த வருசம் மாயாதுன்னை போர்த்துக்கேயரோடு சமாதானம் பேச வேண்டி வந்தது. அந்தச் சமாதானத்துக்கு அவன் கொடுத்த விலை, தனக்கு உதவ வந்த அந்தத் தளபதிகளின் தலைகள்.

இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் எப்போதும் அமைதியாகிவிடுவார்கள். வந்த ஊரில் உனக்கு இடம் கொடுத்தவன் நாளைக்கு மனம் மாறினால், உன் கையில் உள்ள ஆயுதம் உன்னைக் காப்பாற்றாது. அதுவே உன்னைக் காட்டிக்கொடுக்கும்.

1560இல் கோவாவின் அரசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிராகன்சா யாழ்ப்பாண அரசின்மீது படையெடுத்து, திரும்பும்போது மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினான். அப்போது முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலில் இருந்த போர்த்துக்கேயக் காவல்படையும், அதோடு சேர்ந்து பரதவக் கிறிஸ்தவர்கள் ஒரு பகுதியினரும் கடல் தாண்டி மன்னாருக்கு இடம்மாற்றப்பட்டார்கள். துவக்கும் குடும்பமுமாக ஓர் ஊர் இன்னோர் ஊருக்கு வந்து இறங்கியது. அவர்களுக்கு யாரும் உரிமம் கேட்கவில்லை. ஏனென்றால் உரிமம் கொடுக்கிறவனே அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவன். 1658இல் ஒல்லாந்தர் அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர். மூன்று கொடி மாறியும் கோட்டையின் சுவர் இன்றும் பாலத்தடியில் நிற்கிறது.

சாதாரண மனிதனின் வீட்டுத் துவக்கை அரசாங்கம் எண்ணத் தொடங்கியது ஆங்கிலேயர் காலத்தில்தான்.

1848இல் தேசாதிபதி டொரிங்டன் புதிதாகச் சில வரிகள் போட்டார். கடைக்கு வரி, வள்ளத்துக்கு வரி, நாய்க்கு வரி, துவக்குக்கு வரி. ரோட்டு வேலைக்குப் போக வேண்டும் அல்லது அதற்குப் பதில் காசு கட்ட வேண்டும். அந்த வருசம் யூலையில் கண்டிப் பக்கத்தில் கிளர்ச்சி வெடித்தது. மாத்தளைக் கிளர்ச்சி என்று நாம் ஓ.எல். பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது அதைத்தான். புரான் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை ஆங்கிலேயர் நசுக்கிய விதம் பிரித்தானியப் பாராளுமன்றம் வரை போய், 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார்.

காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் நடுவில் சேனை செய்கிறவனுக்குத் துவக்கு என்பது மண்வெட்டி மாதிரி. மண்வெட்டிக்கு வரி கேட்டால் அவன் என்ன நினைப்பான்? அவனுக்குக் காசைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: பெயரைப் பதிவது எதற்கு? இன்றைக்குப் பதிகிறவன் நாளைக்குப் பறிப்பானா? இந்தக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். நூற்று நாற்பது வருசம் கழித்து எங்கள் வீட்டு வாசலுக்கும் அது வந்தது.

1915 மே கடைசியில் கண்டியில் தொடங்கிய சிங்கள - முஸ்லிம் கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவியது. இராணுவச் சட்டம் போட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு வந்ததுதான் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். நூறு வருசம் தாண்டியும், திருத்தங்களோடு, இன்றைக்கும் நாட்டில் உள்ள துவக்குச் சட்டம் அதுதான். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியது.

அந்தச் சட்டத்தின் சாரம் விளங்கிக்கொள்ள மிகச் சுலபம். துவக்கு வைத்திருப்பது உன் உரிமை அல்ல, உனக்குத் தரப்பட்ட அனுமதி. அந்த அனுமதிக்கு ஓர் ஆள் உண்டு, ஒரு துவக்கு உண்டு, ஒரு வருசம் உண்டு, ஒரு கச்சேரி உண்டு. டிசெம்பர் 31ஆம் திகதியோடு அனுமதி செத்துவிடும், மறுபடி புதுப்பிக்க வேண்டும். விற்றாலும் கொடுத்தாலும் அனுமதியோடுதான். அரசாங்க அதிபர் உனக்கு அனுமதி தந்தது உன் முகத்தைப் பார்த்து அல்ல. உன் பகுதி கிராம சேவகர், பொலிஸ், உன் காணி, உன் பயிர், உன் நடத்தை எல்லாவற்றையும் விசாரித்துத்தான். ஊர் மாறினால் அந்த விசாரணையின் பாதி பொய்யாகிவிடும். புத்தளத்துத் தென்னந்தோட்டம் மன்னாரில் இல்லை. புத்தளத்துக் கிராம சேவகருக்கு உயிலங்குளம் தெரியாது. மச்சானின் கேள்விக்குச் சட்டத்தின் பக்கத்துப் பதில் இதுதான்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு ஓர் ஒற்றைக்குழல் துவக்கு இருந்தது. கட்டுக்கரைத் தண்ணீரில் வயல். கதிர் முற்றும் காலத்தில் பரணில் படுத்துக் காவல். துவக்கு இருந்தாலும் அதிகம் சுட்டதில்லை என்று வாப்பா சொல்வார், தோட்டாவின் விலை அப்படி. வானத்தைப் பார்த்து ஒன்று, அதோடு பன்றி போய்விடும். பக்கத்து வயல்காரர் ஒரு கத்தோலிக்கர். அவருக்குத் துவக்கு இல்லை. அவருடைய வயலுக்கும் அப்பாவின் சத்தமே காவல். அறுவடை முடிய அவர் ஒரு மரைக்கால் நெல் கொண்டுவந்து வைப்பார். அப்பா வாங்கமாட்டார், அவர் வைக்காமல் போகமாட்டார்.

80கள் வந்தன. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது தெற்கில் ஊரூராகச் சொட்கன் தேடி எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே கதை இப்போது வடக்கில். ஆயுதம் தேடுகிற எந்த இயக்கமும் முதலில் தட்டுவது உரிமத் துவக்கு இருக்கும் வீட்டுக் கதவைத்தான். ஏனென்றால் யாரிடம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். மறுபக்கம், படையினர் கண்ணில் துவக்கு வைத்திருக்கிற ஒவ்வொரு வீடும் சந்தேக வீடு. 1848இல் சேனைக்காரன் பயந்தது, பட்டியலில் பெயர் இருப்பதன் ஆபத்து, எங்கள் அப்பாவுக்கு இரண்டு பக்கத்தாலும் வந்தது.

அப்பா ஒரு நாள் துவக்கைத் துணியில் சுற்றி, தோட்டாக்களைத் தனியே ஒரு பேணியில் போட்டு, சைக்கிளில் கொண்டுபோய்ப் பொலிஸ் நிலையம் ஒன்றில் ஒப்படைத்தார். ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். துவக்கின் இலக்கம், குழல் எண்ணிக்கை, தோட்டா எண்ணிக்கை, திகதி, கையொப்பம். “நிலைமை சரியானதும் வந்து எடுங்க” என்றார்களாம்.

நிலைமை சரியாகவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட சனம். மன்னார் தீவில் இருந்தவர்கள் பெரும்பாலும் படகில் கற்பிட்டிப் பக்கம், பெருநிலப்பரப்பில் இருந்தவர்கள் தரைவழியாக வவுனியாப் பக்கம். எதைக் கொண்டுபோகலாம் என்பதற்கும் அளவு இருந்தது. சில பைகள், கொஞ்சக் காசு, கொஞ்ச நகை. காணி, வீடு, மாடு, நெல், கடை எல்லாம் அப்படியே.

எங்கள் உம்மம்மா பையில் போட்டது துணியும் குர்ஆனும். அப்பா போட்டது இரண்டு கடதாசி. ஒன்று துவக்கு லைசன் புத்தகம், மற்றது அந்தத் துண்டு. காணி உறுதி வேறு ஒரு பெட்டியில் இருந்திருக்கிறது. அவசரத்தில் அது விடுபட்டுப் போயிற்று. புத்தளம் முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு, இல்லாத துவக்கின் லைசனை உம்மம்மா திட்டித் தீர்ப்பாராம். “உறுதிய விட்டுட்டு இதத் தூக்கிட்டு வந்திருக்கிற மனுசன்” என்று.

அப்பா துவக்கைத் திரும்பக் காணவில்லை. 1998இல் மவுத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

யுத்தம் முடிந்து, வாப்பா காணியைத் தேடி வந்தபோது உறுதி இல்லை. அயலில் இருந்த பழைய ஆட்களில் பாதிப் பேர் இல்லை. இந்தக் குடும்பம் இங்கே இருந்ததா என்பதையே நிரூபிக்க வேண்டிய நிலை. அப்போது வாப்பா அந்த லைசன் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அதில் அப்பாவின் முழுப் பெயர், ஊர், வருசா வருசம் கச்சேரி அடித்த முத்திரை, என்ன தேவைக்கு என்ற இடத்தில் பயிர்ப் பாதுகாப்பு. அது மட்டும் போதவில்லை. பழைய வாக்காளர் இடாப்பின் பிரதி ஒன்றும், பக்கத்து வயல் கத்தோலிக்கரின் மகன் கொடுத்த சத்தியக்கடதாசியும் சேர்ந்துதான் காரியம் ஆயிற்று. ஆனால் முதல் கதவைத் திறந்தது அந்தப் புத்தகம். துவக்கு போய்விட்டது, அதன் கடதாசி எங்கள் நிலத்தைத் திருப்பித் தந்தது.

மச்சானிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, கச்சேரிக்குப் போறன். ஆனா வேற நாட்டுல எல்லாம் இப்படி இல்லையே. அமெரிக்காவுல சந்தைக்குப் போறமாரித் துவக்கோட போறானுகள்” என்றார்.

பலர் அப்படித்தான் நினைக்கிறோம். உண்மையில் துவக்கு மிக மலிந்த அந்த நாட்டில்தான் இந்தச் சிக்கல் மிகக் கூட. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு சட்டம். ஒரு மாநிலத்தில் உரிமமே தேவையில்லாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு திரியலாம். நாலு மணித்தியாலம் ஓடி அடுத்த மாநிலத்துக்குள் போனால் அதே துவக்குக்குச் சிறை. அங்கே வீடு மாறுகிறவர்களுக்கு இது பெரிய தலையிடி. அதனால்தான் 1986இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அந்தத் துவக்கை நீ சட்டப்படி வைத்திருக்கலாம் என்றால், நடுவில் உள்ள மாநிலங்களைக் கடந்து போகலாம். ஆனால் தோட்டா ஏற்றியிருக்கக்கூடாது, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது, பின்பெட்டி இல்லாத வாகனம் என்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். கடந்து போகத்தான் இந்தப் பாதுகாப்பு. குடியேறியதும் அந்த மாநிலத்தின் சட்டம்தான்.

கனடாவில் நம் சனம் நிறைய. அங்கே நாடு முழுவதற்கும் ஒரே உரிமம். ஆனாலும் வீடு மாறினால் 30 நாளுக்குள் புது விலாசத்தை அறிவிக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, பல வருசம் இழுபட்ட சட்டம் சில வாரங்களில் வந்தது. அரசாங்கம் ஆறு இலட்சத்துக்கு மேல் துவக்குகளைக் காசு கொடுத்து வாங்கி அழித்தது. அங்கும் உரிமம் மாநிலத்துடையது, மாநிலம் மாறினால் புது இடத்துப் பொலிஸிடம் போக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பக்கத்து நாட்டில் இருக்கிறது. இந்தியாவில் 1878இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது, ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. இந்தியர்களிலும் ஒரு சிறு கூட்டத்துக்கு விலக்கு இருந்தது: கர்நாடகத்தின் குடகு மலையில் வாழும் குடவர்களும், அங்கு ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களும். துவக்கு அவர்கள் பண்பாட்டில் ஊறிய பொருள். பிள்ளை பிறந்தால் வானத்தில் வெடி, வீட்டில் மரணம் என்றால் வெடி, துவக்கை வைத்து வணங்க வருசத்தில் ஒரு திருநாளே உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த விலக்கு தொடர்கிறது. 2019இல் இன்னும் பத்து வருசத்துக்கு, 2029 வரை, நீடித்தார்கள்.

இவ்வளவு சலுகை உள்ள குடவன்கூட, குடகுக்கு வெளியே குடியிருந்தால் அல்லது பயணம் போனால், கொண்டுபோகும் ஆயுதத்துக்கு அளவு உண்டு. ஒரு ரைபிள், நூறு தோட்டா. ஒரு சாதாரணத் துவக்கு, ஐந்நூறு தோட்டா. அதற்கு மேல் இல்லை. பரம்பரை உரிமையும் மலையடிவாரத்தில் இறங்கும்போது எண்ணப்படுகிறது. நம் மச்சானின் பாய்ச் சுருள் எந்த மூலைக்கு?

சரி, வரலாறு போதும். துவக்கு வைத்துக்கொண்டு மாவட்டம் மாறப்போகிறவர்களுக்கு, மச்சானுக்குச் சொன்னதையே வரிசையாக எழுதிவிடுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. நடைமுறைகள் சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும். ஆகவே இதை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1. துவக்கை ஏற்றுமுன் ஆள் போங்கள். இப்போது உரிமம் தந்த மாவட்டச் செயலகத்துக்கு இடம் மாறுவதை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். புது மாவட்டச் செயலகத்தில் எந்தப் படிவம், யாருடைய சிபாரிசு என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் எழுத்தில் வந்த பிறகுதான் லொறி.

2. காலத்தைப் பாருங்கள். உரிமம் டிசெம்பர் 31 உடன் முடியும். ஒக்டோபர் தொடங்கி டிசெம்பர் முடியும் வரை புதுப்பிக்கும் காலம். நம் காலபோகமும் அதே மாதங்கள்தான். விதைப்பு அவசரத்தில் இதை மறந்தால், யனவரி முதலாம் திகதி காலையில் நீங்கள் உரிமம் இல்லாத துவக்குக்காரர்.

3. துவக்கு தனியே பயணம் போகக்கூடாது. உரிமம் உங்கள் பெயரில். லொறிச் சாரதியின் பெயரில் அல்ல. அவன் பிடிபட்டால் அந்த ஏழை என்ன பதில் சொல்வான்? நீங்களே, மூல உரிமத்தோடு, அனுமதிக் கடிதத்தோடு, பகலில் கொண்டுவாருங்கள். தோட்டா வேறு, துவக்கு வேறு.

4. பாதையைப் பாருங்கள். புத்தளத்தில் இருந்து மன்னாருக்கு வில்பத்துப் பக்கத்தால் கிட்டவழி என்று வரப் பார்க்காதீர்கள். தேசிய வனத்துக்குள் துவக்கோடு நுழைவது வனசீவராசிகள் சட்டத்தில் தனிக் குற்றம். பெரிய ரோட்டால் வாருங்கள்.

5. வாப்பாவின் துவக்கு வாரிசுக்குத் தானாக வராது. மவுத்தானவரின் உரிமம் அவரோடு போய்விட்டது. உடனே அறிவித்து ஒப்படையுங்கள், தேவை என்றால் வாரிசு புதிதாக விண்ணப்பிக்கட்டும். பராயிள் சட்டத்தில் துவக்கின் பெறுமதியைப் பிரிக்கலாம், உரிமத்தைப் பிரிக்க முடியாது.

6. புது ஊரில் துவக்கு உண்மையில் தேவையா என்று ஒருமுறை யோசியுங்கள். யானைக்குச் சொட்கன் சரிவராது, காயப்பட்ட யானை ஊரையே அழிக்கும். அதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் யானை வெடியும், ஊர்கூடிய காவலும், மின்வேலியும்தான். பன்றிக்கு என்று கட்டுத்துவக்குக் கட்டுகிற வேலையை மட்டும் கனவிலும் செய்யாதீர்கள். வரம்பில் கட்டிய கம்பிக்குப் பன்றியின் காலும் தெரியாது, விறகு பொறுக்கப் போன பிள்ளையின் காலும் தெரியாது.

7. அரசாங்கம் கேட்டால் கொடுங்கள், துண்டு வாங்குங்கள். 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்கு வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்டது நினைவிருக்கும். அப்படி எந்த நாளும் வரலாம். ஒப்படைத்த துண்டையும், பழைய லைசன் புத்தகங்களையும் ஒருபோதும் எறியாதீர்கள். படம் எடுத்துப் பிள்ளைகளின் போனிலும் வையுங்கள்.

மச்சான் இப்போது வந்துவிட்டார். துவக்கு வரவில்லை. புத்தளத்தில் உரிய இடத்தில் ஒப்படைத்துவிட்டு, துண்டோடு வந்து, இங்கே விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். இரண்டு தரம் போனார், இன்னும் ஒரு கடதாசி குறைகிறது என்று மூன்றாம் தரமும் வரச் சொல்லியிருக்கிறார்கள். கோபம்தான். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது, “உங்கட பேச்சக் கேட்டு வெறுங்கையோட வந்து நிக்கிறன் மச்சான், ராவுக்கு பன்டி வந்து அரைக் காணியக் கிண்டிட்டு” என்றார். எனக்கு மறுமொழி இல்லை. அவர் இழந்த நெல் உண்மையான நெல்.

நேற்று இரவு அவருடைய வயலுக்குப் போனேன். பரணில் டோர்ச்சோடும் தகரப் பேணியோடும் மச்சான். பக்கத்துப் பரணில் ஒரு பொடியன். யார் என்று கேட்டேன். அப்பாவிடம் ஒரு மரைக்கால் நெல் கொண்டுவந்து வைப்பாரே, அந்தக் கத்தோலிக்கரின் பேரன். பன்றிச் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து தகரம் அடிக்கிறார்கள். இரண்டு வயலுக்கும் ஒரே சத்தம்.

உங்கள் வீட்டிலும் பழைய துவக்கு லைசன், ஒப்படைத்த துண்டு, கச்சேரிக் கடிதம் ஏதாவது கிடந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அதன் கதையையும் சொல்லி வையுங்கள்.

அல்லாஹ் நம் எல்லோருடைய பயிரையும் உயிரையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.